ரூட் முதலா, அப்டேட் முதலா?

2008 இல் விற்பனைக்கு வந்த முதல் அன்ட்ரொய்ட் தொலைபேசியான ஜி1 இல் விசித்திரமான ஒரு குறைபாடு இருந்தது. விசைப்பலகையில் தட்டும் எழுத்துகள் திரையில் தெரிவதோடு நில்லாமல், பின்னணியில் உச்ச அதிகாரத்துடன் ஓடிக்கொண்டிருந்த கட்டளைகளை நிறைவேற்றும் நிரலுக்கும் போய்ச் சேர்ந்தன. நண்பருக்குக் குறுஞ்செய்தி எழுதும்போது ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி என்டரை அழுத்தினால், தொலைபேசி உண்மையாகவே அணைந்து மறுபடி எழும்பும். கூகுள் விரைவிலேயே திருத்தம் அனுப்பியது. அதை ஏற்க மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அவர்கள் தங்கள் தொலைபேசியை ரூட் செய்திருந்தார்கள், அதாவது அதன் முழு அதிகாரத்தையும் தம் கைக்கு எடுத்திருந்தார்கள்.

அப்டேட்டுக்கு முன்னரே ரூட் செய்துவிட வேண்டுமா என்ற கேள்வியின் வயது அவ்வளவு. யாழ்ப்பாணத்தில் அது நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு எழுவதுண்டு: கனடாவிலிருந்து வந்த மாமா விட்டுவிட்டுப் போன சம்சுங் ‘புதிய மென்பொருள் தயார்’ என்று நச்சரிக்கும், அப்டேட் செய்தால் பிறகு ரூட் செய்ய முடியாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். சொன்னவர் பாதி சரி.

அன்ட்ரொய்டின் அடித்தளம் லினக்ஸ் என்ற இயங்குதளம். அதில் ஒவ்வொரு செயலியும் தனித்தனிப் பயனராகவே நடத்தப்படுகிறது. 10000 இலிருந்து தொடங்கும் ஓர் எண் அதற்குக் கிடைக்கும். வைபருக்கு ஓர் எண், வங்கிச் செயலிக்கு இன்னோர் எண். நம்முடைய பழைய நாற்சார் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முற்றம் பொது, அறைகள் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் தன் திறப்பு. எல்லா அறைகளையும் திறக்கும் கொத்து ஒரேயொருவரிடம் இருக்கிறது; அவருடைய எண் 0. அவர்தான் ரூட். தொலைபேசியை வாங்கியவருக்குக்கூட அந்தக் கொத்து கொடுக்கப்படுவதில்லை.

தமிழர்களுக்கு அது நியாயமாகவே தேவைப்பட்ட ஒரு காலம் இருந்தது. ஆரம்பகால அன்ட்ரொய்டில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழில் வந்த செய்தி வெறும் கட்டங்களாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை, இயங்குதளம் இருக்கும் சிஸ்டம் பகுதிக்குள் வைக்க ரூட் அதிகாரம் வேண்டும். தாய்மொழியை வாசிப்பதற்காகத் தொலைபேசியை உடைக்க வேண்டியிருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

ரூட் அதிகாரத்தைப் பெற இரண்டு வழிகள் உண்டு. அப்டேட் பற்றிய குழப்பம் முழுவதும் இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

முதலாவது, மென்பொருளில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்துவது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2014 இல் ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற ஹக்கர் வெளியிட்ட டவல்ரூட் செயலி. லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலில் இருந்த ஒரு பிழையைத் தூண்டிவிட்டு, சாதாரணச் செயலியாக நுழைந்து ரூட்டாக வெளியே வந்தது அது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கேர்னல் தொகுக்கப்பட்ட திகதி 2014 யூன் 3 க்கு முந்தியது என்றால் வேலை செய்யும். பிந்தியது என்றால் இல்லை. அப்டேட் என்பது இங்கே வழியை அடைக்கும் சீமெந்து. ஆகவே இந்த வகையில் ‘முதலில் ரூட்’ என்ற அறிவுரைக்குப் பொருள் உண்டு.

ஆனால் அந்த ஓட்டை உங்களுக்காக மட்டும் திறந்திருக்கவில்லை. 2015 இல் இத்தாலியின் ஹாக்கிங் டீம் என்ற உளவு மென்பொருள் நிறுவனத்தின் கோப்புகள் கசிந்தபோது, அதன் அன்ட்ரொய்ட் ஒற்று நிரலும் டவல்ரூட் பயன்படுத்திய அதே பிழையைக் கையாண்டது தெரியவந்தது. ரூட்டுக்காக அப்டேட்டைத் தள்ளிப்போடுகிறவர், ஒற்றனுக்கும் சேர்த்தே கதவைத் திறந்துவைக்கிறார். இதை எத்தனை தடவை சொன்னாலும் சிலருக்கு ஏறுவதில்லை.

இரண்டாவது வழி பூட்லோடரைத் திறப்பது. தொலைபேசி எழும்பும்போது முதலில் ஓடும் இச்சிறு நிரல், அடுத்து ஏற்றப்போகும் மென்பொருளில் தயாரிப்பாளரின் மறையீட்டுக் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால் ஏற்றாது. சில நிறுவனங்கள் இந்தப் பூட்டைத் திறக்க அனுமதிக்கின்றன. திறந்தால் உள்ளே உள்ள எல்லாம் அழிந்துவிடும். திருடியவர் பூட்லோடரைத் திறந்து உங்கள் படங்களைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். திறந்த பிறகு, தொலைபேசியை எழுப்பும் கோப்பான பூட் படிமத்தை மட்டும் மாற்றியமைத்து ரூட் தருவது, 2016 முதல் புழக்கத்தில் உள்ள மஜிஸ்க் என்ற கருவி. இது எந்த ஓட்டையையும் நம்பியிருப்பதில்லை; ஆகவே அப்டேட்டுக்கு முன்னா பின்னா என்று பதறத் தேவையில்லை. முதலில் அப்டேட் செய்துவிட்டு, அந்தப் புதிய பதிப்புக்கே உரிய பூட் படிமத்தை எடுத்து மாற்றுவதுதான் சுத்தமான வேலை. பதிப்பு பொருந்தாத படிமத்தை ஏற்றினால் தொலைபேசி நிறுவனச் சின்னத்தைக் காட்டியபடியே நின்றுவிடலாம்.

இதில் ஒரு விதிவிலக்கு, திறக்கும் வசதியையே தயாரிப்பாளர் பறித்துவிடுவது. ஹுவாவி 2018 இல் திறப்புக் குறியீடு கொடுப்பதை நிறுத்தியது. பின்னோக்கிப் போவதும் எப்போதும் முடியாது: கூகுளின் பிக்சல் 6 தொலைபேசியில் அன்ட்ரொய்ட் 13 ஐ ஏற்றியவர்களுக்கு 12 க்குத் திரும்பும் வழி அடைக்கப்பட்டது, ஏனெனில் பழைய பூட்லோடரில் பாதுகாப்புக் குறை இருந்தது.

ரூட் செய்த தொலைபேசிக்கு அடுத்த அப்டேட் வரும்போது என்ன நடக்கிறது? அன்ட்ரொய்ட் 5 முதல் அப்டேட் பொதி கோப்பு கோப்பாகப் பார்ப்பதில்லை. சிஸ்டம் பகுதி முழுவதையும் ஒரே துண்டாகக் கணக்கிட்டு, பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொண்டுவருகிறது. எனவே பழையது பிட்டுக்குப் பிட்டு அசலாக இருக்க வேண்டும். சிஸ்டம் பகுதியை எழுதக்கூடிய நிலையில் ஒரு தடவை திறந்து மூடினாலே போதும், கணக்கு பிழைத்து அப்டேட் நின்றுவிடும். மஜிஸ்க் சிஸ்டத்தைத் தொடாமல் விடுவதற்குக் காரணம் இதுவும்தான்.

கனடா மாமாவின் சம்சுங்குக்கு வருவோம். மாதிரி எண் டபிள்யூ என்று முடிந்தால் அது கனடியச் சந்தைக்குரியது. சம்சுங்கின் உயர்ரகத் தொலைபேசிகளின் வட அமெரிக்கப் பதிப்புகளில் பூட்லோடரைத் திறக்கும் தெரிவு பல ஆண்டுகளாகவே இல்லை. பேசாமல் அப்டேட் செய்யுங்கள். வேறு சந்தையின் சம்சுங்கில் திறக்க முடிந்தாலும், அங்கீகரிக்கப்படாத மென்பொருளை ஏற்றியவுடன் சில்லுக்குள் இருக்கும் ஒரு மின்உருகி எரிந்துவிடும். பிறகு அசல் மென்பொருளையே மறுபடி ஏற்றினாலும் அது ஒட்டாது. கோப்புகளைப் பூட்டிவைக்கும் செக்கியூர் போல்டர் போன்ற வசதிகள் நிரந்தரமாகப் போய்விடும். பூட்லோடர் திறந்திருப்பதை வன்பொருளே சாட்சி சொல்லிவிடுவதால் பல வங்கிச் செயலிகளும் திறக்க மறுக்கும். பணம் கையாளும் ஒரே தொலைபேசியை ரூட் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

மேசை லாச்சியில் கிடக்கும் பழைய தொலைபேசி என்றால் தாராளமாகச் செய்து பாருங்கள். ஏ, பி என இரண்டு இடங்களில் மென்பொருளை வைத்திருக்கும் வகை என்றால், முதலில் மஜிஸ்க் வழியாகவே அசல் பூட் படிமத்தை மீட்டுவிட்டு, அப்டேட் மற்ற இடத்தில் ஏறி முடிந்த பிறகு, மறுதொடக்கப் பொத்தானைத் தொடுவதற்கு முன், மஜிஸ்க்கைத் திறந்து அந்த இடத்திலும் நிறுவச் சொல்லுங்கள். மறந்துவிட்டால் தொலைபேசி கெட்டுவிடாது. ரூட் மட்டும் போய்விடும், புதிய பூட் படிமத்தைக் கணினி வழியாக மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும்.