ஸ்டோரேஜ் ஃபுல் என்றால் முதலில் போட்டோவில் கை வைக்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை கடை திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓர் அக்கா மஞ்சப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்தார். "தம்பி, அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்ல. நாளன்னிக்குப் பதினாறு. ஃபிரேம் போடணும், எப்படியாச்சும் எடுத்துக் குடுங்க."

மூன்று மாதத்துக்கு முன்னால் போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்திருக்கிறது. லீவுக்கு வந்திருந்த தங்கை மகன் கேலரியைத் திறந்து, பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற படங்களைப் பார்த்திருக்கிறான். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் மொத்தமாக அழித்து, அழித்தவை சில நாள் தங்கும் டிராஷையும் காலி செய்துவிட்டான். அந்தப் படங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஜிபிகூட இருந்திருக்காது. அதே போனில் வாட்ஸ்அப் மட்டும் 23 ஜிபி. காலை வணக்க வீடியோக்கள் ஒன்று விடாமல் அப்படியே இருந்தன.

பன்னிரண்டு வருஷமாக செல்போன் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது. அந்த அக்காவிடம் "இல்லை" என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "போன்லதானே அழிச்சேன், கூகுள்ல இருக்கும்ல?" தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள். கூகுள் போட்டோஸ் தனியாக ஒரு பீரோ இல்லை. பேக்கப் ஆன, அதாவது கூகுளில் நகல் ஏறிய படத்தை அந்த ஆப்பில் அழித்தால் போனிலும் போகும், கூகுளிலும் போகும். அதே கணக்கில் இன்னொரு போனோ டேப்போ இருந்தால் அதிலும் போகும். சில போன்களில் கேலரியே கூகுள் போட்டோஸோடு இணைந்திருக்கும். அதில் அழித்தாலும் இதே கதைதான். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால், அந்த ஆப்பிலேயே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒன்று இருக்கிறது. பேக்கப் ஆனவற்றை மட்டும் அது போனிலிருந்து எடுக்கும். குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்துவதும் இதுவும் ஒன்றல்ல.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் படம் கூகுளுக்குப் போயிருக்கிறதா? 2021 ஜூன் 1 வரை 'ஹை குவாலிட்டி'யில், அதாவது சற்றுச் சுருக்கி, எவ்வளவு ஏற்றினாலும் கணக்கில் வராது. அந்த நினைப்பிலேயே இன்னும் பாதிப் பேர் இருக்கிறார்கள். இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாக 15 ஜிபிதான். நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும். நோட்டிஃபிகேஷன் வரும், நாம் தள்ளிவிடுவோம். அப்புறம், ஆண்ட்ராய்டு போனில் கேமராவில் எடுத்ததுதான் தானாகப் போகும். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் ஃபோல்டரை நீங்களாக ஆன் செய்திருந்தால்தான் அவை ஏறும். அதனால் அழிக்கும் முன், வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ உங்கள் கணக்கைத் திறந்து, அந்தப் படம் அங்கே இருப்பதைக் கண்ணால் பாருங்கள். பார்க்காமல் அழிக்காதீர்கள்.

"அழிஞ்சதை எடுக்க சாஃப்ட்வேர் இருக்காமே?" மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் என்றால் பல சமயம் எடுத்துத் தர முடியும். அழித்தது தெரிந்தவுடன் கார்டைக் கழற்றி வையுங்கள், மேலே ஒரு படம்கூட எடுக்காதீர்கள். போனின் உள் மெமரி அப்படியில்லை. இப்போதைய போன்களில் எல்லாமே என்கிரிப்ட் ஆகி, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாத குறியீடாகத்தான் இருக்கும். டிராஷும் காலி, பேக்கப்பும் இல்லை என்றால் என்னாலும் முடியாது. கட்டாயம் எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுத்து ஏமாறாதீர்கள். டிராஷில் இருந்தால் மட்டும் அவகாசம் உண்டு: கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்துக்கு 60 நாள், ஆகாததற்கு 30 நாள். ஐபோன் கேலரியில் 30 நாள்.

சரி, இடம் வேண்டும், எதை அழிப்பது? வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' திறங்கள். பல முறை ஃபார்வர்ட் ஆனவை, 5 எம்பிக்கு மேல் உள்ளவை என்று அதுவே பிரித்துக் காட்டும். பெரும்பாலான போன்களில் இங்கேயே வேலை முடிந்துவிடும். அடுத்தது நீளமான வீடியோக்கள். மிகத் தெளிவான 4கே தரத்தில் எடுத்த வீடியோ ஒரு நிமிஷத்துக்கே 170 எம்பி அளவுக்கு வரலாம். ஒரு போட்டோ மூன்று, நாலு எம்பிதான். கோயில் திருவிழாவில் கை ஆட ஆட எடுத்த பத்து நிமிஷ வீடியோ போனால், நூற்றுக்கணக்கான போட்டோக்களுக்கு இடம் வரும். பிறகு ஸ்கிரீன்ஷாட்கள். ஆதார், பாஸ்புக் படங்களைக் கேலரியில் வைக்கவே வேண்டாம். அவற்றை மட்டும் டிராஷிலிருந்தும் நீக்குங்கள்.

மனிதர்கள் இருக்கிற படங்களைக் கடைசியில் தொடுங்கள். மங்கலாக இருக்கிறது என்பது அழிக்கக் காரணமாகாது. சூரிய உதயமும் பிரியாணித் தட்டும் போகட்டும். வயதானவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற படம், சாப்பிடுகிற படம், யாரையோ திட்டிக்கொண்டிருக்கிற படம் இருக்கட்டும். ஒரே காட்சி இருபது இருந்தால் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெரிதாக்கி, முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போன் அம்மாவுடையது என்றால் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஓரத்தில் நிற்பது யார் என்று அவருக்குத்தான் தெரியும்.

"ஃபேமிலி குரூப்ல போட்டிருக்கேன், போதும்" என்பதும் வேண்டாம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் எடுத்தபடியே போகும்.

அந்த அக்காவுக்கு மிஞ்சியிருந்தது அப்பாவின் வாட்ஸ்அப் டிபி. 12க்கு 15 ஃபிரேமுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடச் சொன்னேன். சாயங்காலம் அவருடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர், பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒன்று தேடி அனுப்பினார். குரூப் போட்டோவின் வலது ஓரம், கையில் வெற்றிலைத் தட்டு, பாதித் தோளை யாரோ மறைத்திருந்தார்கள். அதை வெட்டி எடுத்துத்தான் ஃபிரேம் போட்டோம். மறைந்திருந்த தோளின் மேல் மாலை வருகிற மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்றார் அக்கா.

உங்கள் வீட்டில் எழுபது தாண்டியவர்கள் இருந்தால், இன்றைக்கு ராத்திரியே அவர்களுடைய பத்துப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். கூகுளில் ஒன்று, ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வெளியூரில் இருக்கிற தம்பியோ தங்கையோ கையில் ஒன்று என்று மூன்று இடத்தில் வையுங்கள். இரண்டையாவது ஸ்டுடியோவில் கொடுத்து பிரிண்ட் போட்டுவிடுங்கள்.