பிரிவு 19: உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த ஆறு சுதந்திரங்கள்

பேசவும் கருத்தை வெளியிடவும், ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும், நாடு முழுக்கப் போய் வரவும், விரும்பிய ஊரில் குடியேறவும், பிடித்த தொழிலைச் செய்யவும் இந்தியக் குடிமக்கள் எல்லாருக்கும் உரிமை உண்டு என்கிறது அரசியலமைப்பின் 19-வது பிரிவு. முன்பு ஏழு இருந்தன, சொத்து பற்றிய ஒன்றை 1978-இல் 44-வது திருத்தம் எடுத்துவிட்டது.

ஓட்டுப் போடத்தான் 18 வயது ஆக வேண்டும், இந்தப் பிரிவில் வயது வரம்பே கிடையாது. அதனால் இது பெரியவர்கள் விஷயம் என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

1985-இல் கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் நம்பிக்கை காரணமாகப் பாட மாட்டார்கள். அதற்காகப் பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள். உயர் நீதிமன்றத்திலும் தோற்றுப்போய், கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார்கள். பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, நீக்கியது பேச்சுரிமைக்கும் மத உரிமைக்கும் எதிரானது என்று 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு தீர்ப்பளித்து, மூவரையும் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பேசாமல் இருப்பதற்கும் பேச்சுரிமை துணை நிற்கும் என்பதை நாட்டுக்குக் காட்டியது மூன்று பிள்ளைகளின் வழக்கு, எனக்கு இது பெரிய விஷயமாகவே படுகிறது.

சரி, எதை வேண்டுமானாலும் செய்யலாமா? முடியாது. அவதூறு பேசுவது, குற்றம் செய்யத் தூண்டுவது இதையெல்லாம் அரசு தடுக்கலாம். மருத்துவம் படிக்காமல் மருத்துவராகவும் முடியாது. ஆனால் தடை சட்டத்தின் வழியாக வர வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும். ஓர் அதிகாரிக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணமே ஆகாது. 1950-இல் பம்பாயில் வெளியான ஒரு வார இதழை மதராஸ் அரசு தன் மாநிலத்துக்குள் வரவிடவில்லை, உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது.

உரிமை பறிபோனால் பிரிவு 226-இன்படி உயர் நீதிமன்றம், பிரிவு 32-இன்படி நேராக உச்ச நீதிமன்றம் போகலாம். வக்கீலுக்குப் பணம்? சிறார்களுக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.