எடைக் கட்டம் காலியாக இருக்கும் மருத்துவச் சீட்டு

வயிற்றுப்போக்கோடு வரும் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், காய்ச்சல் இருந்தால் அதற்கொரு மருந்து. சீட்டு எழுத மூன்று நிமிடம்கூட ஆகாது. அடுத்த மாதம் அதே குழந்தை இருமலோடு வரும்; அதற்கும் மருந்து உண்டு. இப்படிப் பலமுறை வந்துபோன குழந்தையின் பழைய சீட்டுகளைப் புரட்டினால், எடைக்கான கட்டம் எல்லாவற்றிலும் காலியாகக் கிடக்கும். குழந்தை மருத்துவராக நான் அடிக்கடி பார்ப்பது இது. வைத்தியம் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் நடந்திருக்கும். மெலிந்துகொண்டே போவதை மட்டும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் மரணத்துக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைபாடு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் பதிவேட்டில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோதான் இருக்கும். சத்துக் குறைந்த உடம்பில் நோய் எளிதில் தொற்றும். தொற்று வந்தால் பசி போய்விடும், சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது. அடுத்த நோய்க்கு வழி திறந்துவிடும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, மேல்கையின் சுற்றளவை அளக்கும் நாடா ஒன்று போதும். இடது கையை மடக்கித் தோள்பட்டை நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு, பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டுச் சுற்றளவு பார்க்க வேண்டும். 115 மி.மீ.க்குக் கீழே என்றால் தீவிரக் குறைபாடு. 115 முதல் 125க்குள் என்றால் மிதமான குறைபாடு. நாடா கொஞ்சம் தளர்வாக இருந்தாலே குறைபாடுள்ள ஒரு குழந்தை கண்ணில் படாமல் போய்விடும்.

நாடாவையும் ஏமாற்றும் நிலை ஒன்று உண்டு. இரண்டு பாதங்களின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் குழி நின்றால் அது நீர்வீக்கம். கைச் சுற்றளவு என்னவாக இருந்தாலும் தீவிரக் குறைபாடுதான். முகமும் சேர்ந்து உப்பியிருப்பதைப் பார்த்து, 'பிள்ளைக்குச் சதை பிடித்திருக்கிறது' என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஒருகாலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் எல்லோரையும் வார்டில் சேர்க்க வேண்டும் என்றிருந்தது. வேறு சிக்கல் இல்லாமல், பசியும் இருந்தால், சமைக்காமல் அப்படியே உண்ணத்தக்க சிகிச்சை உணவை, அதாவது பொட்டலத்தில் வரும் சத்துப் பசையைக் கொடுத்து வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று 2007-இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. சாப்பிட மறுக்கும், சோர்ந்து கிடக்கும், உடம்பு சில்லிட்ட குழந்தைக்குத்தான் வார்டு. அங்கேயும் முதல் நாட்களில் வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. எஃப்-75 என்ற பால் கலவையை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கொரு முறை, இரவிலும் எழுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தர வேண்டும். வழக்கமான வேகத்தில் குளுக்கோஸ் ஏற்றினால் பலவீனமான இதயம் தாங்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் குழந்தைகளை இழக்கிறோம் என்றால், அதற்கு மருத்துவ அறிவின் குறையை நான் காரணமாகச் சொல்ல மாட்டேன். பல நாடுகளில் சிகிச்சை உணவு, வெளி நிதியில் ஓடும் திட்டத்தின் பொருளாகவே வருகிறது. திட்டம் முடிந்தால் பொட்டலமும் நின்றுவிடும். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததை இதனால்தான் முக்கியமாக நினைக்கிறேன். பாராசிட்டமாலுக்குப் போடுவதுபோல இதற்கும் அரசு மருந்துக் கிடங்கே ஆண்டுக் கொள்முதல் போட அது வழி செய்கிறது.

அடுத்த ஓட்டை, வீட்டில் சிகிச்சை பெறும் குழந்தைக்கான வாராந்தரப் பரிசோதனை. வராத குழந்தையின் பெயருக்கு எதிரே 'தாயின் அலட்சியம்' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஒருநாள் கூலியை விட்டு, மற்ற பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்து, பேருந்து பிடித்து வருவது எத்தனை வாரம் நடக்கும்? பொட்டலத்தையும் எடைக்கருவியையும் வீட்டுக்கு அருகில் இருக்கும் சுகாதாரப் பணியாளரிடம் கொடுப்பது இதைவிட மலிவு. நாடாவைத் தாயிடமே கொடுத்துவிடலாம். கொஞ்சம் பழகினால் தாய்மார் நம்பகமாக அளக்கிறார்கள் என்பதை ஆப்பிரிக்க நாடான நைஜரில் நடந்த ஆய்வுகள் காட்டின.

மருத்துவமனைக்குள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. எடைக்கருவியைச் சீட்டுப் பதியும் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். எடை எழுதாத சீட்டு மருத்துவரின் மேசைக்கு வரக்கூடாது. பெற்றோரே, நீங்கள் எந்த நோய்க்காக வந்திருந்தாலும் அந்த எடை எண்ணைக் கேட்டு வாங்கி, போன முறை எண்ணோடு ஒப்பிடுங்கள். அது ஏறாமல் நின்றாலோ குறைந்தாலோ, காய்ச்சலோ இருமலோ இல்லாவிட்டாலும் குழந்தையை அழைத்து வாருங்கள்.