பீரோவில் பூட்டி வைத்த மாத்திரை

சென்ற வாரம் வீடியோ காலில் வந்த ஒரு நோயாளியின் மகன், வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசினார். அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்த பிறகும் தாடையில் கட்டி வளர்ந்துவிட்டது. "மூணு நாளா தூங்கல டாக்டர், வேற நல்ல மாத்திரையா எழுதித் தாங்க."

அப்பாவைக் காட்டுங்கள் என்றேன். "அவரு படுத்திருக்காரு, நானே சொல்றேன்" என்றார். நான் விடவில்லை. உள்ளே போய் போனைத் திருப்பினார். கட்டிலில் சுவரைப் பார்த்து, முழங்காலை மடக்கி, உள்ளங்கையில் தாடையைத் தாங்கியபடி கிடந்தார் பெரியவர். போன மாதம் வலிக்குக் கொடுத்த மார்பின் மாத்திரை எங்கே என்று கேட்டேன்.

"பீரோவுல இருக்கு. கடைசி நேரத்துக்குன்னு வெச்சிருக்கோம்."

10 மில்லிகிராம் மாத்திரை அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. இந்த மாதம் இதே பதிலைச் சொன்ன நான்காவது குடும்பம் இது.

மார்பின் சாவுக்கு முன்னால் கொடுக்கும் மருந்து இல்லை. வலிக்குக் கொடுக்கும் மருந்து. இதை எத்தனை தடவை சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாத்திரை மறுபடி பீரோவுக்குள் போய்விடுகிறது. வலி இருக்கும்வரை கொடுக்கிறோம். கதிர்வீச்சிலோ கீமோவிலோ வலி குறைந்தால் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். அப்படி நிறுத்திவிட்டு வயல் வேலைக்குப் போனவர்கள் உண்டு. "இப்பவே கொடுத்துட்டா அப்புறம் வலிக்குக் கேக்காதுல்ல" என்பார்கள். பாராசிட்டமாலுக்கு இருப்பதுபோல இதற்கு உச்ச அளவு என்று ஒன்று கிடையாது. வலி கூடினால் நாங்கள் அளவைக் கூட்டுவோம். "பழக்கமாயிடும்" என்பார்கள். வலிக்காக, சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் சாப்பிடுகிறவர் போதைக்கு அடிமையாவது அரிதிலும் அரிது. உடம்புக்குப் பழகிவிடுவதால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். முதல் சில நாள் தூக்கம் வரும். வாரக்கணக்கில் தூங்காதவர் தூங்கட்டுமே!

இன்னொன்று, வலி வந்த பிறகு கொடுக்கிற மாத்திரை இல்லை இது. நான்கு மணிக்கொரு தரம், கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இரவு படுக்கும்போது இரண்டு மடங்கு எழுதியிருந்தால் அது எழுத்துப்பிழை அல்ல, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. கூடவே எழுதும் மலமிளக்கியை யாரும் மதிப்பதில்லை. குமட்டல் சில நாளில் போய்விடும், மலச்சிக்கல் போகாது. தயவுசெய்து அதையும் தினமும் கொடுங்கள்.

அன்று நான் புதிதாக எதையும் எழுதவில்லை. அதே மாத்திரையை அப்போதே கொடுக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் பெரியவரே போனை வாங்கினார். பத்துக்கு ஒன்பது என்றிருந்த வலி மூன்று என்றார்.

வீடியோவில் மார்பின் எழுதித்தரச் சொல்லிக் கோபப்படுகிறவர்களுக்கு: 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை நாங்கள் இப்படி எழுத முடியாது. 2018-லிருந்து டிராமடால் என்ற வலி மருந்தும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்கு நேரில்தான் வர வேண்டும். ஆனால் கையில் இருக்கும் மாத்திரையைச் சரியாகக் கொடுக்கிறீர்களா என்று பார்க்க, குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் எழுத, புண்ணைப் பார்த்துக் கட்டுப்போடச் சொல்லித்தர வீடியோ போதும். எலும்பில் பரவியவரை நான்கு மணி நேரம் பஸ்ஸில் குலுக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர் பக்கத்தில் இருக்கும்போது அழைத்தால் இன்னும் நல்லது.

அழைக்கும்போது நோயாளியைக் காட்டுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும். வலி எவ்வளவு என்று அவரே சொல்லட்டும், பேச முடியாதவர் விரலால் காட்டட்டும். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வையுங்கள், நாட்டு மருந்து உட்பட. திட்ட மாட்டேன். "அவருக்குத் தெரியக் கூடாது" என்று கொல்லைப்புறம் போய்க் கிசுகிசுக்காதீர்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சிறுநீர் குறைந்தால் அன்றே சொல்லுங்கள், மார்பின் உடம்பில் தேங்கும். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகப் போகிறது என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு கால்களும் திடீரென்று பலமிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ வீடியோவுக்கு நேரம் கேட்டுக் காத்திருக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்கு வாருங்கள். முதுகுத்தண்டில் கட்டி அழுத்துகிறது என்றால் எங்களுக்கு இருப்பது சில மணி நேரம்தான்.