தேயிலை நொதிப்பதில்லை: ‘ஒட்சியேற்றம்’ என்ற சொல் பற்றி

பத்தாம் தரத்துப் பிள்ளைகளின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். “தேயிலைக் கொழுந்து நொதிக்கும்போது எதனோலும் காபனீரொட்சைட்டும் உண்டாகும்” என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அடுத்த தாளிலும் அதே வசனம். அதற்கடுத்த தாளில், சீனியை எதனோல் என்ற மதுசாரமாக்கும் மதுவமும் (ஈஸ்ட்) வந்துவிட்டது. மூன்று பேருமே கெட்டிக்காரப் பிள்ளைகள். நொதித்தல் பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களால்தான் இப்படி எழுத முடியும். படித்ததைச் சரியாக நினைவில் வைத்து, கொண்டுபோய்த் தேயிலையில் பொருத்திவிட்டார்கள்.

இரண்டு கிழமைக்கு முன்தான் இவர்களை ஒரு தோட்டத்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கூட்டிக்கொண்டு போயிருந்தோம். ரோலிங் மெஷின்களுக்கு அடுத்த அறைச் சுவரில் ‘நொதித்தல் பகுதி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. சுற்றிக் காட்டியவரும் “இங்கதான் கொழுந்து நொதிக்குது” என்றார். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள்மேல் ஒரு பிழையும் இல்லை. இந்தச் சொல்லைத் தேயிலைப் பெட்டியில், கண்காட்சிப் பலகையில், மொழிபெயர்த்த கைநூலில் என்று எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

நொதித்தல் என்றால் நுரைத்துப் பொங்குதல். கித்துள் கள்ளு முட்டியில் நுரை தள்ளுவது நொதித்தல். இராத்திரி ஆட்டிவைத்த தோசை மா விடியும்போது ஏனத்தை விட்டு எழும்பி நிற்பதும் அதுதான். ஆங்கிலேயர் இதற்கு வைத்திருக்கும் சொல்லும், கொதித்தல் என்று பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. நுண்ணுயிர்கள் சீனியைச் சிதைக்கின்றன. அதற்குக் காற்று வேண்டியதில்லை. லூயி பாஸ்டர் இதைக் காற்றில்லாத வாழ்வு என்றே விளக்கினார். 1897இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் எடுவார்ட் புக்னர், உயிருள்ள கலம்கூடத் தேவையில்லை, மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறே போதும் என்று காட்டினார். அதிலும் சீனிதான் எதனோல் ஆனது.

ஒட்சியேற்றம், பெயரே சொல்வதுபோல, ஒட்சிசனை ஏற்றுதல். இரும்பு துருப்பிடிப்பதும் மகனீசியம் எரிவதும் இதில் சேரும். பிற்பாடு இலத்திரனை இழப்பது எல்லாமே ஒட்சியேற்றம் என்று பொருள் விரிந்தது. ஒட்சிசன் என்ற பெயரை வைத்தவர் பிரெஞ்சு இரசாயனவியலாளர் லவோசியர். கிரேக்கத்தில் அதற்குப் புளிப்பைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலங்களிலும் ஒட்சிசன் இருக்கும் என்று அவர் நினைத்தார். ஐதரோகுளோரிக் அமிலத்தில் அது இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, அந்த அறையில் என்னதான் நடக்கிறது? வாடிய கொழுந்து ரோலிங்கில் நசுங்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி இடத்தில் இருந்த இரண்டு பொருட்கள் அப்போதுதான் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒன்று கற்றெக்கின் என்ற பொலிபீனோல் வகை. மற்றது செம்பு அணுக்களைக் கொண்ட பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் (என்சைம்), அதாவது உயிர்களில் இரசாயன மாற்றத்தை விரைவாக்கும் பொருள். காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தவுடன் கற்றெக்கின் ஒட்சியேறி, தியாபிளேவினாகவும் தியாரூபிஜினாகவும் மாறுகிறது. தேத்தண்ணியின் பொன் மினுக்கம் முன்னதால், செங்கபில நிறம் பின்னதால். இதில் மதுவத்துக்கு வேலையே இல்லை. சீனியை எதனோலாக்கும் மாற்றமும் நடப்பதில்லை. கொழுந்தை மெல்லிய படையாகப் பரப்பி ஈரக்காற்று விடுவது ஒட்சிசனுக்காகத்தான். கள்ளு முட்டிக்கு இப்படிக் காற்றுக் காட்டத் தேவையில்லை. பிறகு சூடு கொடுத்துக் காயவைக்கும்போது நொதியம் செயலிழந்து எல்லாம் நின்றுவிடுகிறது.

இதைச் சொன்னவுடன் ஒரு நண்பர், அவரும் ஆசிரியர்தான், உடனே மறுத்தார். “நொதியம்தானே வேலை செய்யுது, அப்போ நொதித்தல் என்பதில் என்ன பிழை?” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோற்றை மெல்லும்போது உமிழ்நீரிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளைச் சிதைக்கிறது. சோறு வாயில் நொதிக்கிறது என்று யாராவது சொல்வார்களா? நொதியம் என்ற பெயர் இந்தப் பொருட்களை முதலில் மதுவத்தோடு சேர்த்து அறிந்ததால் வந்தது. ஐரோப்பியப் பெயரும் ‘மதுவத்தில் உள்ளது’ என்றுதான் பொருள்படும். நொதியம் இருக்கும் இடமெல்லாம் நொதித்தல் என்றால், உடம்பில் நடக்கும் ஏறக்குறைய எல்லாத் தாக்கங்களுக்கும் அந்த ஒரே சொல்லைத்தான் வைக்க வேண்டிவரும்.

இன்னும் நெருக்கமான சாட்சி எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. வாழைக்காயையோ கத்தரிக்காயையோ வெட்டியவுடன் அம்மா தண்ணீரில் போடுவார். வெளியே வைத்தால் கறுத்துவிடும். தண்ணீர் காற்றைத் தடுப்பதால் கறுப்பது தாமதமாகிறது. அங்கும் இதே வகை நொதியம், இதே வகை ஒட்சியேற்றம். “கத்தரிக்காய் நொதிச்சிருச்சு” என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கத்தரிக்காய்க்குப் பொருந்தாத சொல் கொழுந்துக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்?

நண்பர் விடவில்லை. “ஒட்சிசன் என்ற பெயரே பிழை, அதை வச்சிருக்கிறோமே. இதுவும் இருந்திட்டுப் போகட்டும்.” இதற்குத்தான் நான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஒட்சிசன் என்று கேட்கும் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஒலியில் புளிப்பும் தெரியாது, அமிலமும் தெரியாது. லவோசியரின் பிழை அவளை எட்டுவதேயில்லை. நொதித்தல் அப்படியல்ல. அது வீட்டில் புழங்கும் உயிருள்ள தமிழ்ச் சொல். கேட்டவுடன் நுரை தெரியும், புளித்த வாசம் தெரியும். அதனால்தான் விடைத்தாள் எழுதிய பிள்ளை எதனோல் வரை போய்விட்டாள். பொருள் விளங்காத பிழைப்பெயர் கெடுதல் செய்வதில்லை. பொருள் விளங்கும் பிழைப்பெயர்தான் செய்யும்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தேயிலை வியாபாரத்தில் ஆங்கிலேயர் இந்தப் பெயரை வைத்தது இலைக்குள் நடப்பது விளங்குவதற்கு முன். இலங்கையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டு, பிறகு பங்களா விறாந்தையிலேயே கொழுந்தைக் கையால் உருட்டிய காலத்தில் இந்த நொதியத்தை யார் கண்டார்கள்? அவர்களிடம் பழைய பெயர் ஒட்டிக்கொண்டதை விளங்கிக்கொள்ளலாம். ஆனால் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தமிழில் புதிதாக எழுதும்போது, பொருளைப் பார்க்காமல் அகராதியில் சொல்லைப் பார்த்து, அவர்களுடைய பழைய பிழையைப் புதுப் பிழையாக்கி இறக்கியிருக்கிறோம். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இன்று தலவாக்கலையில் இயங்கும் நாடு இது. ஸ்டோர் சங்குச் சத்தத்தில் எழும்பும் பிள்ளைக்கு, ஒட்சியேற்றத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேறெங்கே கிடைக்கும்? அதைத் தவறான சொல்லால் மறைத்துவிட்டு, பாடத்தில் ஆணியில் ஏறும் துருவைக் காட்டுகிறோம்.

வேறொரு பக்கத்தில், ஒட்சியேற்றமும் வேண்டாம், உயிர்வளியேற்றம் என்று சொல்லுங்கள் என்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்ப்பற்றில் எனக்கும் குறைவில்லை. ஆனால் சோடியம் குளோரீனோடு சேரும்போதும் சோடியம் ஒட்சியேறுகிறது. அங்கே உயிரும் இல்லை, அந்த வளியும் இல்லை. ஒட்சியேற்றம், ஒட்சியேற்றி, ஒட்சைட்டு என்று ஒரே வேரில் சொற்கள் கிடைப்பதும் படிக்கிறவர்களுக்கு வசதி.

அப்போ ஸ்டோர் அறைக்கு என்ன பெயர்? என் சித்தி இருபது வருடம் ரோலிங் அறையில் வேலை செய்தவர். கொழுந்தை ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, “இன்னும் செவக்கல” என்பார். பச்சை போய்ச் செம்பு நிறம் ஏறினால் “செவந்திருச்சு.” அவர் சொன்னதே எனக்குச் சரியான தொழிற்சொல். சீனரும் நாம் கறுப்புத் தேயிலை என்பதைச் சிவப்புத் தேநீர் என்றுதான் அழைக்கிறார்கள். தொழிலுக்குச் சிவத்தல், இரசாயனத்துக்கு ஒட்சியேற்றம். நொதித்தலை, நுண்ணுயிர்களால் உண்மையாகவே பதமாகும் சீனத்துப் பு-அர் போன்ற தேயிலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

விடைத்தாள்களைக் கொடுத்த அன்று வகுப்புக்கு இரண்டு பிடி கொழுந்து கொண்டுபோனேன். ஒரு பிடியைக் கொதிநீரில் முக்கி எடுத்து நசுக்கினோம். மற்றதை அப்படியே கசக்கினோம். கடைசிப் பாடவேளையில் வந்து பார்த்தபோது கசக்கியது செம்பு நிறமாகியிருந்தது. முக்கியதில் பச்சை மங்கியிருந்தது, சிவப்பு ஏறவில்லை. மதுவம் என்று எழுதியிருந்த பிள்ளை, “அப்போ கிரீன் டீ கொழுந்த முதல்லயே சூடாக்குறது இதுக்குத்தானா டீச்சர்?” என்று கேட்டாள். அதற்குத்தான்.

பரீட்சை வினாவில் ‘தேயிலை நொதித்தல்’ என்றே வந்தால் பயப்பட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். விடையில் நொதியத்தின் பெயரை எழுதி, ஒட்சிசன் தேவை என்று எழுதி, நடப்பது ஒட்சியேற்றம் என்று எழுதுங்கள். எதனோல் பக்கம் போகாதீர்கள்.