பழைய ஃபிரிட்ஜ் எங்கே போகிறது?

10 ஆண்டுகளுக்கு முன் ஒரு கம்பெனி விற்ற ஃபிரிட்ஜ், இந்த ஆண்டு அதன் கணக்கில் கழிவாக ஏறிவிடும். அது இன்னும் உங்கள் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சரி. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள இந்தியாவின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் அப்படித்தான் கணக்குப் போடுகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் சராசரி ஆயுள் ஒன்று உண்டு. ஃபிரிட்ஜுக்கு 10 ஆண்டு, செல்போனுக்கு 5. அத்தனை ஆண்டுகளுக்கு முன் விற்ற எடையில் ஒரு பங்குக்குக் கம்பெனி மறுசுழற்சிக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் 2 ஆண்டு 60 சதவீதம், அடுத்த 2 ஆண்டு 70, 2027-28 முதல் 80.

அதற்காகக் கம்பெனி வீடு வீடாக வண்டி அனுப்புமா? அனுப்ப வேண்டியதில்லை. சான்றிதழ் வாங்கினால் போதும். பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை கழிவை உடைத்து, அரைத்து, உலோகத்தைப் பிரித்து, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் கணக்கை ஏற்றும். தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் எவ்வளவு கிடைத்ததோ அதற்கேற்ப ஆலைக்குச் சான்றிதழ்; அதைத்தான் கம்பெனி காசு கொடுத்து வாங்குகிறது. உள்ளே வந்த கழிவை அளக்காமல் வெளியே போகும் உலோகத்தை அளப்பது கெட்டிக்கார யோசனைதான். கழிவை வாங்கியதாக எழுதிவிட்டுப் பின்வாசல் வழியே தள்ளிவிடுவது இதில் கொஞ்சம் கஷ்டம்.

ஆனால் அந்தச் செம்பைக் காயலான் கடையிலும் எடுக்கலாம், அதுவும் மலிவாக. கம்ப்ரசர் குழாயை வெட்டினால் செம்பு கையில்; உள்ளிருந்த குளிரூட்டும் வாயு புஸ்ஸென்று காற்றில். அந்த வாயுவைப் பிடித்து அடைக்க ஆலைக்குக் கருவி வேண்டும், கரண்டு வேண்டும். இவ்வளவு செலவு வைத்துக்கொண்டு, காயலான் கடை கொடுக்கும் விலையை ஆலை எப்படிக் கொடுக்கும்? அந்த இடைவெளியைச் சான்றிதழ்ப் பணம்தான் நிரப்ப வேண்டும். அதனால்தான் அரசு அதற்குக் குறைந்தபட்ச விலை வைத்தது; வீட்டு உபயோகச் சாதனங்களுக்குக் கிலோ 22 ரூபாய். அதிகம் என்று பெரிய கம்பெனிகள் சில தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. எனக்கென்னவோ இந்த 22 ரூபாய்தான் மொத்த விதிகளின் அச்சாணி என்று தோன்றுகிறது.

அப்புறம் ஒன்று. விதிகளின்படி பதிவு செய்ய வேண்டியவர்கள் 4 வகை: தயாரிப்பவர், தன் பெயரில் விற்கும் கம்பெனி, பழுது நீக்கி மறுவிற்பனைக்கு விடுபவர், மறுசுழற்சி செய்பவர். உங்கள் வாசலில் நின்று ஃபிரிட்ஜுக்கு விலை பேசி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் இந்த 4 வகையிலும் இல்லை.