தாய்மை தந்த காப்பு, கூச்சம் தந்த தாமதம்

அமெரிக்காவில் வாழும் லத்தீனாப் பெண்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வழிவந்த பெண்களின், மார்பகப் புற்றுநோய்க் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் ஒரு குழப்பம் வரும். வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்கு இந்த நோய் வருவது குறைவு. மெக்சிகோ, எல் சால்வடோர் போன்ற நாடுகளில் பிறந்து குடியேறியவர்களுக்கு, அமெரிக்காவிலேயே பிறந்த லத்தீனாக்களைவிடவும் குறைவு. ஆனாலும் இந்தச் சமூகத்துப் பெண்களின் உயிரைப் பறிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். கண்டுபிடிக்கும்போதே நோய் முற்றியிருப்பதும் இவர்களிடம் அதிகம்.

பெண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஊரும் வீடும் சொல்லிக்கொடுத்த பாடத்துக்கு இந்த இரண்டிலுமே பங்கு உண்டு.

முதலில் நல்ல பக்கம். மார்பகத்தில் பால் சுரக்கும் நுண்ணறைகள் பருவம் எய்தியவுடன் முழு வளர்ச்சி அடைந்துவிடுவதில்லை. கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும்தான் அந்தச் செல்கள் தங்கள் வேலைக்கு முழுதாகத் தேறுகின்றன. தேறிய செல்கள் அவ்வளவு எளிதில் தாறுமாறாகப் பெருகுவதில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2002-இல் வெளியான கணக்கின்படி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் நோய் வரும் அபாயம் சுமார் 7 சதவீதம் குறைகிறது; மொத்தமாகப் பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 சதவீதம் குறைகிறது. இளம் வயதில் பிள்ளை, ஒன்றுக்கு மேல் பிள்ளை, நீண்ட நாள் தாய்ப்பால் என்று வாழ்ந்த கிராமத்துப் பெண்ணுக்கு இது தானாகக் கிடைத்த காப்பு. அமெரிக்கப் பூர்வகுடிகளின் வழிவந்த, அபாயத்தைக் குறைக்கும் மரபணு மாற்றம் ஒன்றையும் 2014-இல் கண்டறிந்தார்கள். அதுவும் கொஞ்சம் துணை நிற்கிறது.

கன்னி மரியாளைப் போல அடக்கமும் பொறுமையும் தியாகமும் உடையவளே நல்ல பெண் என்ற லத்தீன் அமெரிக்க இலட்சியத்துக்கு, அரசியல் அறிஞர் ஈவ்லின் ஸ்டீவன்ஸ் 1973-இல் ‘மரியானிஸ்மோ’ என்று பெயர் வைத்தார். இந்த இலட்சியம் தாய்மையைக் கொண்டாடும். அதே மார்பைத் தொட்டுப் பார்க்கவும் அதைப் பற்றி வாய்திறக்கவும் கூச்சப்பட வைக்கும்.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மானுடவியலாளர் லியோ சாவேஸும் அவருடைய குழுவினரும் பெண்களிடம் உட்கார்ந்து பேசி, 1995-இல் எழுதிய ஆய்வில் இது தெளிவாகத் தெரிகிறது. மார்பில் அடிபடுவது, முரட்டுத்தனமாகக் கையாளப்படுவது, ஒழுக்கம் தவறிய வாழ்க்கை ஆகியவற்றால் புற்றுநோய் வரும் என்று குடியேறிய லத்தீனாக்கள் பலர் நம்பினார்கள். மருத்துவர்கள் சொன்ன காரணங்களோ குடும்ப வரலாறு, ஹார்மோன் என்று வேறு திசையில் போயின.

அடிபட்டால் புற்றுநோய் வராது. ஆனால் அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள முடியும். இடித்துக்கொண்ட இடத்தை வலிக்கிறதே என்று தடவும்போதுதான், ஏற்கெனவே இருந்த கட்டி கையில் தட்டுப்படும். அடியால் கொழுப்புத் திசு நைந்து, ஆபத்தில்லாத கட்டியாக இறுகுவதும் உண்டு. அடிக்குப் பிறகு கட்டியைப் பார்த்தவள் இரண்டையும் முடிச்சுப் போடாமல் என்ன செய்வாள்? ஆபத்து அதற்கு அடுத்த படியில் இருக்கிறது: ‘எனக்கு அடியும் படவில்லை, நான் தப்பான வழியிலும் போகவில்லை, எனக்கு எதற்கு மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே?’ கட்டி தட்டுப்பட்டாலும் வெளியே சொன்னால் நடத்தையைச் சந்தேகிப்பார்களோ என்ற பயம் வாயை அடைத்துவிடுகிறது.

மேமோகிராம் அறையையும் அவளுடைய கண்கள் வழியே நாம் பார்க்க வேண்டும். இடுப்புக்கு மேலே துணியில்லாமல் நிற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் மார்பைக் கையால் எடுத்து இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து அழுத்துவார். திசு மெலிதாகப் பரவினால்தான் குறைந்த கதிர்வீச்சிலேயே நோயின் அடையாளமாக இருக்கக்கூடிய, உப்புத்துகள் போன்ற சுண்ணாம்புப் படிவுகள்கூடத் தெரியும். அழுத்துவதன் காரணத்தை அவள் மொழியில் யாராவது சொன்னால் பாதி பயம் போகும். பல நேரம் சொல்வதற்கு ஆள் இருப்பதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் பண்பாட்டின் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘விதி என்று விட்டுவிடுகிறார்கள்’ என்று சொல்வது எவ்வளவு சுலபம்! ஆய்வாளர் அனா அப்ராய்தோ-லான்சாவும் மற்றவர்களும் 2007-இலேயே இதைக் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஆவணமில்லாமல் குடியேறியவர்கள், 2010-ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தையில், பெரும்பாலான மாநிலங்களில் தங்கள் கைக்காசைக் கொடுத்தும் காப்பீடு வாங்க முடியாது. மணிக்கூலிக்குப் பழம் பறிப்பவள் அரை நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய அரைக் கூலி போச்சு. பிள்ளைகளின் செலவுக்குப் பிறகுதான் தன் உடம்பு என்று அவள் தள்ளிப்போடுவதில் பண்பாடு எவ்வளவு, பணமுடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டையும் ஒன்றாகக் கையாளத் தெரிந்தவர்கள் ப்ரொமோதோராக்கள். அதே ஊர், அதே மொழி, அதே தெரு; பயிற்சி பெற்ற அண்டை வீட்டுப் பெண்கள். வீட்டுக்கே வந்து படங்களைக் காட்டிப் பேசுவார்கள். மருத்துவமனையில் தேதி வாங்கித் தருவார்கள். ‘உங்கள் பிள்ளைகளுக்காகவாவது உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி, தடையாக இருந்த தாய்மையையே காரணமாகத் திருப்பிவிடும் உத்தியும் உண்டு. ஒரு பெண் தனக்காகவே போகலாம் என்பது என் எண்ணம். ஆனால் அதைச் சொல்லிக் காத்திருந்தால் கட்டி காத்திருக்காது.

கலிபோர்னியா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ மாநிலங்களின் பண்ணைத் தொழிலாளர் ஊர்களில் 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். முடிவுகள் 2009-இல் வெளியாயின. ப்ரொமோதோரா சென்று பேசிய பெண்களில் 40.8 சதவீதம் பேர் மேமோகிராம் எடுத்துக்கொண்டார்கள், மற்றவர்களில் 29.9 சதவீதம். 2024 முதல் அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரை, 40 வயதிலிருந்து 74 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்று மாறியிருக்கிறது. இனி ப்ரொமோதோராக்கள் அந்த வீடுகளில் அம்மாவிடம் மட்டுமல்ல, நாற்பதைத் தொட்ட மகளிடமும் பேச வேண்டியிருக்கிறது.